இரண்டு வெள்ளை

வலது கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் பிரித்த மறுநாளே, என் வீட்டுக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் ஆல்ட்ரேஷன் கடை வைத்திருக்கிறோம். அவர் வெட்டுவார், நான் தைப்பேன். வெள்ளைச் சட்டையில் நான் போன வாரம் போட்ட தையலெல்லாம் பழுப்பாகத் தெரிந்தது.

"மலிவா கெடைச்சுதுன்னு கண்ட நூலையும் வாங்கிட்டீங்களா?"

"அதே நூல்தான். பாத்து எடுத்ததே நீதான்," என்றார், கூலிங் கிளாஸைக் கழற்றாமலே. ஆபரேஷன் எனக்கு, கண்ணாடி அவருக்கு. கேட்டால் வெயில் கூசுகிறதாம். கடைக்குள் ஏது வெயில்?

வலது கண்ணை மூடினேன். தையலும் சட்டையும் ஒரே நிறம். இடது கண்ணை மூடினேன். சட்டை பளிச், தையல் பழுப்பு. என்ன லென்ஸ் வைத்தீர்கள் என்று டாக்டரிடம் போனில் சண்டைக்கே போனேன். புதுக்கண் சரியாகத்தான் காட்டுகிறதாம். புரை விழுந்த இடது கண்தான் வருஷக்கணக்காக எல்லாவற்றிலும் மஞ்சள் பூசிக் காட்டியதாம். எனக்குப் பாதி வியப்பு, பாதி பயம். பால், சுவர், காகிதம் என்று வெள்ளைக்கு நான் அடித்த சத்தியமெல்லாம் பொய். அப்படியென்றால் நான் பார்த்ததில் வேறு எதை நம்புவது?

அவரைத்தான் முதலில் பார்த்தேன். கேட்காமலே அந்தக் கண்ணாடியைக் கழற்றினேன். நூல் பொருந்துகிறதா என்று தெரிய, ஓர் இழையை உருவித் துணிமேல் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். சட்டைத் துணியிலிருந்து ஒரு வெள்ளை இழையை உருவி அவர் கண்ணோரம் பிடித்தேன். என் இடது கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வலது கண்ணுக்கு, அவர் விழியின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"தெனமும் எம் மூஞ்சியத்தானே பாக்குற. கடைக்கு வர்றவங்க துணியப் பாப்பாங்க, என்னைய யாரு பாக்குறா? உனக்கே ஒண்ணும் தெரியலன்னதும், ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்." கத்தரிக்கோலை எடுத்துத் திரும்பவும் வைத்தார். "உனக்குக் கட்டுப் பிரிச்சப்புறம்தான் பயம் வந்துது."

திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. கடையைச் சாத்திவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் அவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் வலது கண்ணை மூடிக்கொண்டேன்.