கடலைப்பால் தயிர்

நந்திதாவுக்கு எந்தச் சாப்பாடும் தயிர் சாதத்தில் போய் முடிந்தால்தான் சாப்பாடு. காய்ச்சல் வந்தாலும் அதுதான். கல்யாணத்துக்கு முந்தின இரவு அவளுக்கு அழுகை வந்தபோது அவள் அப்பா பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்ததும் அதுதான். இப்போது கல்கத்தாவின் மே மாத வெயிலில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில், ரசம் சாதத்தோடு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"இவ்வளவுதானா? கோழி கொத்துனாக்கூட இதைவிடச் சாப்பிடும்," என்றாள் யசோதா. கதிரேசனின் அக்கா. தம்பி மனைவிக்கு ஒத்தாசையாக இருக்கக் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தாள்.

"இறங்கலை மதினி."

"நீ சாப்பிட்டாத்தானே பிள்ளைக்குப் பால் ஊறும்?"

"எனக்குத் தெரியுது மதினி. தொண்டைக்குத் தெரியலையே."

குழந்தை அக்‌ஷயாவுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. சில நாட்களாக அவள் மலத்தில் இரத்தப் புள்ளிகள் தெரிந்தன. கன்னத்தில் சிவந்த தடிப்புகள். குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, பசும்பால் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா சாப்பிடும் பால்தான் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போகிறது என்றார். பால், தயிர், மோர், நெய் எதையும் நந்திதா தொடக் கூடாது. அப்படியும் சரியாகவில்லை என்றால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, இதற்கென்றே இருக்கும் பவுடருக்கு மாற வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

பவுடர் கொடுத்து எத்தனையோ குழந்தைகள் நன்றாக வளர்கின்றன. அது நந்திதாவுக்கும் தெரியும். ஆனால் முதல் மாதம் பால் சரியாகச் சுரக்காமல், குழந்தைக்கும் குடிக்கத் தெரியாமல், இருவரும் சேர்ந்து அழுது கற்றுக்கொண்ட காரியம் அது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் விட்டாள். காப்பியை விட்டபோது தலைவலி வந்தது, போய்விட்டது. தயிரை விட்டபோது பசியே போய்விட்டது. குழந்தைக்கு இரத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் தாய்ப்பாலும் குறையத் தொடங்கியது.

கதிரேசனுக்கு சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை. அன்று மாலை கைப்பேசியைக் காட்டிக்கொண்டே சமையலறைக்குள் வந்தான்.

"அக்கா, பால் இல்லாமலே தயிர் செய்யுதாங்க. வேர்க்கடலையில. வீகன் தயிர்னு பேரு."

"கடலையை அரைச்சா சட்னிதானலே வரும்?"

"ஊற வெச்சு, தோல் எடுத்து, அரைச்சு, வடிகட்டி, காய்ச்சணும். டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டேன். கடலை சாப்பிடலாமாம்."

"சரி, உறை எதை ஊத்துவ?"

"பச்சை மிளகாய்க் காம்பு."

யசோதா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆபீஸ்ல உனக்கு வேலை ஒண்ணும் தரலையா?"

லேக் மார்க்கெட்டில் பழனிசாமியின் மளிகைக் கடையில் கதிரேசன் கடலை கேட்டான். ஈரோட்டிலிருந்து வந்து கடை போட்டவர். எதற்கு என்று விசாரித்துக்கொண்டார். அள்ளிய கடலையைத் திரும்ப மூட்டையிலேயே கொட்டினார்.

"பச்சைப்புள்ளைக்காரிக்குங்களா? அப்ப இது வேண்டாமுங்க. உள்ளே புது மூட்டை இருக்குது, பிரிச்சுத் தர்றேன்." பிரித்து, ஒரு சொத்தைகூட இல்லாமல் கையால் பொறுக்கிக் கொடுத்தார். "தயிர் வந்தா ஒரு வாய் கொண்டாங்க. வராட்டிச் சட்னி ஆக்கிக்குங்க."

தயிர் வரவில்லை. கதிரேசன் கடலைப்பாலைச் சூடாக இருக்கும்போதே காம்புகளைப் போட்டு மூடிவிட்டான். காலையில் அடியில் மாவும் மேலே நீருமாகப் பிரிந்து, ஒரு வாடை. நந்திதா எட்டிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பே அழுகையாகிவிட, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

யசோதாவுக்கு அந்த முகத்தைத் தாங்க முடியவில்லை. அன்று அவளே கடலையை அரைத்தாள், காய்ச்சினாள், விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டாள். காம்பை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை. தனக்கும் தம்பிக்குமாக அவள் தனியே உறை ஊற்றிவைத்திருந்த பசுந்தயிர் அலமாரியில் இருந்தது. அதில் ஒரு கரண்டி எடுத்துக் கடலைப்பாலில் விட்டுக் கலக்கினாள். உறை என்பது அவள் கணக்கில் பால் இல்லை. அது வெறும் உறை. யாரையும் ஏமாற்றுவதாக அவள் நினைக்கவில்லை. ஒரு பெண் வயிறார உண்ண வேண்டும், அவ்வளவுதான். நல்லது செய்கிறோம் என்ற நிம்மதியில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவது நம் எல்லாருக்கும் நடக்கிற காரியம்.

மறுநாள் தயிர் கண்ணாடி போல உறைந்திருந்தது. கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியதும் வீடே மணத்தது. நந்திதா இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். விரலை வழித்து நக்கினாள்.

"எப்படி மதினி? அதே காம்புதானே?"

"கைப்பக்குவம்," என்றாள் யசோதா. சொல்லும்போது கண் தட்டில் இருந்தது.

மூன்று நாள் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகு குழந்தையின் துணியில் மறுபடி இரத்தம் தெரிந்தது, முன்னைவிட அதிகமாக. முகம் முழுக்கத் தடிப்பு.

நந்திதா சாப்பிட்டதையெல்லாம் மருத்துவர் கேட்டார். ஒன்றிலும் பால் இல்லை. "நீங்க இவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் குறையலைன்னா, இதுக்கு மேல குழந்தையைக் காக்க வைக்க முடியாது," என்று பவுடரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலையிலிருந்து தொடங்கச் சொன்னார். கதிரேசன் வழியிலேயே வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். நந்திதா அந்த டப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, ஒன்றும் தெரியாமல், அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"என் பால்தான் அவளுக்கு ஆகலை போல," என்றாள் நந்திதா, யாருக்கென்று இல்லாமல்.

யசோதா பூஜை அலமாரிக்கு முன் நின்றிருந்தாள். அங்கே சிறிய முருகன் படம். வேண்டுவதற்குக் கை கூப்பினாள். வாயில் வேண்டுதல் வரவில்லை. அவள் பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் தன் பாலே குழந்தைக்கு ஆகாது என்று ஒரு தாய் நம்பிவிடுவாள். கூப்பிய கையை இறக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"நந்திதா, உன் பால்ல ஒண்ணும் இல்லை. தப்பு என் கையில. நான் உறைமோர் ஊத்துனேன். பசுந்தயிரு."

கதிரேசன் அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா," என்றான் கதிரேசன். "டாக்டர் அவ்வளவு சொல்லியும்..."

"ஒரு கரண்டிதானேன்னு நினைச்சேன்லே. உறையைப் பாலுன்னு நினைக்கலை."

நந்திதாவின் முகம் சிவந்தது. "அவ துணியை நான் அலசினேன் மதினி. ஒவ்வொரு தடவையும் அலசிட்டு, என்னையே திட்டிக்கிட்டேன்." குழந்தையோடு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யசோதா மேசையருகே நின்ற இடத்திலேயே நின்றாள்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. நந்திதாவின் கண்கள் ஈரமாக இருந்தன. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

"மதினி, அப்போ நான் உண்மையிலேயே பாலை விட்ட நாள்ல அவளுக்குக் குறைஞ்சுக்கிட்டுத்தான் வந்துச்சு இல்லையா?"

"ஆமா தாயி."

"ஏங்க, டாக்டருக்குப் போன் பண்ணுங்க."

கதிரேசன் நடந்ததை மறைக்காமல் சொன்னான். மருத்துவர் கொஞ்சம் கடிந்துகொண்டார். பிறகு, துளிகூடப் பால் சேராமல் அடுத்த முறை வரும்வரை இருந்து பாருங்கள், இரத்தம் கூடினால் உடனே வாருங்கள் என்றார். டப்பா திறக்கப்படாமல் மேசையிலேயே இருந்தது.

"தயிர் மறுபடி நீங்கதான் செய்யணும் மதினி," என்றாள் நந்திதா. "எனக்கு உங்க கைதான் வேணும். ஆனா காம்புதான்."

ஒருவரை மன்னிப்பதில் பல வகை உண்டு. அவர் கையாலேயே மறுபடி சாப்பிடக் கேட்பது அதில் பெரிய வகை என்று தோன்றுகிறது.

மறுநாள் காலை யசோதா பாத்திரங்களை எல்லாம் புளி போட்டுத் தேய்த்தாள். பால்காரனிடம் இனிப் பால் பாக்கெட் வேண்டாம் என்று சைகையிலேயே சொல்லி அனுப்பினாள்.

"எங்களுக்குக் காப்பி?" என்றான் கதிரேசன்.

"பிள்ளை குணமாகுற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள பால் வராது. கடுங்காப்பி குடி." தானும் ஒரு தம்ளர் குடித்தாள். வேப்பிலை அரைத்துக் குடித்தவள் போல முகம் போனது. நந்திதா பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக யசோதா இன்னொரு வாய் குடித்தாள்.

காம்பு உறையிட்ட முதல் தயிர் இளகலாக, மிளகாய் நெடியோடு வந்தது. யசோதா அதைச் சாப்பிடக் கொடுக்கவில்லை. அதில் ஒரு கரண்டியை மட்டும் எடுத்துப் புதிய கடலைப்பாலுக்கு உறை ஊற்றினாள். இரண்டாவது தயிரில் நெடி போய்விட்டது, நல்ல புளிப்பும் வந்தது. ஆனால் நீர்த்திருந்தது. சோற்றில் விட்டால் மோராக ஓடியது. நந்திதா குறை சொல்லாமல் சாப்பிட்டாள். குறை சொல்லாததே யசோதாவை உறுத்தியது.

அந்த வாரம் ஜமாய் ஷஷ்டி வந்தது. வங்காளத்தில் மாமியார்கள் மருமகனை அழைத்து விருந்து வைக்கும் நாள். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாவை எல்லாரும் மாசிமா, அதாவது சித்தி, என்பார்கள். அவருக்குப் பெண் பிள்ளை இல்லை. கதிரேசனின் மாமியாரோ திருச்சியில் இருந்தார். அதனால் மாசிமா, மண்சட்டி நிறைய இனிப்புத் தயிரும் ஒரு தட்டு மாம்பழமுமாக மாடியேறி வந்தார்.

"இன்றைக்கு நீதான் என் ஜமாய். உட்கார், சாப்பிடு," என்றார் வங்காள மொழியில்.

கதிரேசன் தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னான். யசோதாவுக்கு வெட்கமாக இருந்தது. அன்போடு வந்ததைத் திருப்புகிறோமே என்று. மாசிமாவின் முகம் வாடவில்லை. தயிரை மூடி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். மாம்பழத்தை நந்திதாவிடம் கொடுத்தார். குழந்தையைப் பார்த்துக் கைகூப்பி ஏதோ முணுமுணுத்தார்.

"என்னலே சொல்லுதாங்க?"

"ஷஷ்டி தேவி குழந்தைகளைக் காக்குற அம்மனாம். நம்ம பாப்பாவைப் பார்த்துக்கச் சொல்றாங்க."

"சஷ்டியா? நம்ம முருகனுக்கு உள்ள நாளாச்சே." யசோதாவுக்கு உடல் சிலிர்த்தது. சமையலறைக்கு ஓடி, தன் நீர்த்த தயிரை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து மாசிமாவிடம் நீட்டினாள். மாசிமா கரண்டியால் எடுத்தார். சொட்டுச் சொட்டாக விழுந்தது. ருசித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு கிண்ணத்தைத் தட்டிக் காட்டி, சத்தமாகச் சிரித்து ஏதோ சொன்னார்.

"ருசி சரியாம். பாத்திரம்தான் தப்பாம்," என்றான் கதிரேசன். "எவர்சில்வர்ல வெச்சா தண்ணி எங்கே போகும்னு கேக்காங்க."

சாயங்காலம் இனிப்புக் கடையிலிருந்து மாசிமா வாங்கிய புது மண்சட்டி ஒன்று மாடிக்கு வந்தது. பால் படாதது, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. யசோதா அதில் கடலைப்பாலை ஊற்றி உறையிட்டு, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான இடமாகப் பார்த்து வைத்தாள்.

காலையில் சட்டியின் வெளிப்புறம் குளிர்ந்து ஈரமாக இருந்தது. மண் நீரைக் குடித்திருந்தது. யசோதா கரண்டியைத் தயிரில் குத்தினாள். கரண்டி சாயாமல் நின்றது.

"ஏலே கதிரேசா, இங்க வா. நந்திதா, பிள்ளையைத் தூக்கிட்டு வா."

மூன்று பேரும் அந்தக் கரண்டியைக் கோயில் கொடிமரத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

தயிரில் பிசைந்த சோற்றின் முதல் உருண்டையை முருகனுக்கு வைக்கப் போன யசோதா சற்று நின்றாள். "பசும்பால் இல்லாத தயிரு. சாமிக்கு ஆகுமா?"

"குழந்தைக்கு ஆகுறது சாமிக்கு ஆகாதா மதினி?" என்றாள் நந்திதா.

யசோதா வைத்தாள். பிறகு நந்திதா சாப்பிட உட்கார்ந்தாள். மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, கடைசிப் பருக்கைவரை. தட்டை நீட்டி இன்னும் கேட்டாள். இந்த முறை யசோதா அவள் கண்ணை நேராகப் பார்த்தபடியே பரிமாறினாள். ஒரு கிண்ணம் கீழே மாசிமாவுக்கும், ஒரு டப்பா பழனிசாமியின் கடைக்கும் போயின. "தயிரேதானுங்க," என்று அவர் தொலைபேசியில் சொன்னார், ஏதோ தன் கடலைக்குப் பட்டம் கிடைத்தது போல.

நந்திதாவுக்குப் பசி திரும்பியது. பால் ஊறியது. துணிகளில் இரத்தப் புள்ளி குறைந்து, மங்கி, ஒருநாள் இல்லாமலே போனது. கன்னத்தின் தடிப்பு உதிர்ந்து புதுத்தோல் வந்தது.

மருத்துவமனையில் அக்‌ஷயாவை எடைபோட்டபோது அவள் காலை உதைத்துத் தராசையே ஆட்டினாள். மருத்துவர் பரிசோதனை முடிவைப் பார்த்தார். மறுபடி ஒரு முறை பார்த்தார்.

"மலத்துல இரத்தம் கொஞ்சம்கூட இல்லை. எடையும் நல்லா ஏறியிருக்கு. தாய்ப்பாலே கொடுங்க, பவுடர் வேண்டாம்."

நந்திதா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கதிரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. தம்பியிடம் விஷயத்தைத் தமிழில் கேட்டுக்கொண்ட யசோதா, தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டாள். முருகனை மட்டும் கும்பிட்டாள் என்று சொல்ல முடியாது. கும்பிடு மருத்துவர் பக்கமாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் கதிரேசன் எதிர்ப்பக்கம் இருந்த டிபன் கடையைக் காட்டினான். "அக்கா, உன் விரதம் முடிஞ்சுது. வா, நல்ல பால் காப்பியா ஒண்ணு வாங்கித் தாரேன்."

"குடிங்க மதினி," என்றாள் நந்திதா. "எங்களுக்காக எத்தனை நாள் விட்டிருந்தீங்க."

யசோதா கடையைப் பார்த்தாள். டிகாஷன் மணம் தெருவைத் தாண்டி வந்தது. கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது.

"சாயங்காலம் பாத்துக்கிடலாம்," என்றாள். குழந்தையை நந்திதாவிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குக் கைகாட்டினாள். "இப்போ வீட்டுக்கு நட. சட்டியில தயிர் உறைஞ்சிருக்கும். எல்லாருக்கும் பசிக்குது."