கை தூக்கினால் நிறுத்திவிடுவோம்

வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்த வெள்ளை வலைத் தகடு என் முகத்தின்மேல் இறங்குகிறது, தளதளவென்று, நீர் சொட்டச் சொட்ட, நெற்றியிலும் மூக்கிலும் தாடையிலும் ஈர இட்லித்துணிபோல ஒட்டிக்கொள்கிறது, வலைக்கு அந்தப் பக்கம் திருமாறனின் விரல்கள் என் மூக்கின் மேட்டை மெதுவாக அழுத்துகின்றன, சுடுதா டாக்டர் என்கிறார், இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கப்போனால் தொழில்நுட்பர் லூர்து அண்ணன் அதட்டுகிறார், பேசாதீங்க டாக்டரம்மா, இப்பப் பேசுனா அந்த வாயோடதான் மாஸ்க் இறுகும்.

திருமாறனும் நானும் கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் முதலாண்டு மேற்படிப்பு, கழுத்துக்கும் தலைக்கும் கதிர் வாங்கும் நோயாளி நூலளவும் அசையக்கூடாது என்பதற்காக அவரவர் முகத்திலேயே வார்த்து மேசையோடு பூட்டுகிற முகமூடி அது, துறைத்தலைவி மீனலோசனி மேடம் ஒரு சட்டம் வைத்திருந்தார், அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் தனியாகப் படுக்காத எந்த டாக்டரும் அவருடைய நோயாளிக்கு அதைப் போடக்கூடாது, அன்றைக்கு என் முறை, அன்றைக்கென்று பார்த்துத்தான் மாலை ஐந்து மணிக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், போய் வந்து தலை பின்ன நேரமிருக்காது என்று அம்மா காலையிலேயே கொண்டை போட்டு முல்லைச்சரம் சுற்றி அனுப்பியிருந்தாள், அந்த வாசனையில்தான் நான் படுத்திருக்கிறேன், நான்கு மாதமாக என்னிடம் கதிரின் அளவைத் தவிர வேறொன்றும் பேசாத இந்த மனிதர் இன்றைக்காவது ஒரு வார்த்தை பேசமாட்டாரா, பேசினால் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடலாம், பேசாவிட்டால் யாருக்காக வேண்டாம் என்பது.

தகடு இறுகி முடிந்தபோது மேடம் வந்தார், குனிந்து பார்த்தார், இது யாருக்கு, கொண்டையோட பொறந்த நோயாளிக்கா, நாளைக்கு முடியை அவுத்துட்டுப் படுத்தா தலை ரெண்டு விரக்கடை கீழ இறங்குமே, இந்த மாஸ்க் யாருக்குப் பொருந்தும் திருமாறன், அவுக்கச் சொல்லத் தெரியாதா என்றார், திருமாறன் தரையைப் பார்த்தபடி, சொல்லக் கூச்சமா இருந்துச்சு மேடம் என்றார், முல்லைச்சரம் எஃகுத் தட்டுக்குப் போனது, முடி அவிழ்ந்தது, இன்னொரு தகடு வெந்நீருக்குள் போனது, நான் மறுபடியும் ஈரமாகிறேன், மறுபடியும் அந்த விரல்கள்.

பிறகு இயந்திர அறை, மேசையோடு என் முகத்தைப் பூட்டிவிட்டு மேடம் சொல்கிறார், கதிர் எதுவும் வராது, கேமராவுல உன்னைப் பாத்துக்கிட்டே இருப்போம், என்ன ஆனாலும் கையைத் தூக்கு, கை தூக்கினா எல்லாத்தையும் நிறுத்திட்டு உள்ள ஓடி வருவோம், நோயாளிக்கு நாம குடுக்கற வாக்கு அது ஒண்ணுதான். தடித்த கதவு நகர்ந்து நகர்ந்து மூடுகிறது, தாடை அசையவில்லை, இமை வலையில் உரசுகிறது, எச்சில் விழுங்குவதே ஒரு வேலையாக இருக்கிறது, இதை முப்பது நாள் படுக்கிறவர்கள் எப்படிப் படுக்கிறார்கள் என்று நினைத்தபோது மேலே ஒலிபெருக்கியில் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள்.

டாக்டர், நான் திருமாறன், லூர்து அண்ணன் டீ குடிக்கப் போயிட்டாரு, பூ எதுக்குன்னு அவர்தான் சொன்னாரு, உங்க முகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல வராது, இப்ப உங்களால பதில் பேச முடியாது, அதான் தைரியமா சொல்றேன், உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, வர்ற மாப்பிள்ளை வேணாம்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, தோணுச்சுன்னா மட்டும், கையைத் தூக்குங்க.

தூக்கினேன், வலது கை, போதாதோ என்று இடது கையும்.

கதவு திறக்கிற சத்தம், காலடிகள், தானே கேட்டதைத் தானே மறந்துவிட்டுத் திருமாறன்தான் முதலில் பாய்ந்து வருகிறார், பயிற்சி அப்படி, கை தூக்கினால் ஓடவேண்டும், பின்னால் பக்கத்து அறைத் திரையில் இரண்டு கைகளைக் கண்டு பதறிய மேடமும் மூத்த மாணவர்கள் ஐந்து பேரும், மூச்சு முட்டுதா, வாந்தி வருதா, பூட்டைக் கழட்டுங்கய்யா சீக்கிரம், முகமூடி கழன்றது, வாசலில் டீ டம்ளரோடு லூர்து அண்ணன் தலையைச் சொறிந்தார், மேடம், மைக்கை வெயிட்டிங் ஹாலுக்குத் திருப்பி வெச்சு நோயாளி பேரைக் கூப்புட்டேன், திரும்ப மாத்தல, ரெண்டு பக்கமும் கேட்டிருக்கு. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, கணவருக்குத் துணைக்கு வந்த அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்தார், ஏந்தம்பி, அந்தப் பிள்ளை கையைத் தூக்குச்சா இல்லையா?

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஆறு நிமிஷம்தான் ஆயிருக்கு, முதல்லேர்ந்து பத்து நிமிஷம் படும்மா, இந்தத் தடவை மைக் என்கிட்ட இருக்கும்.

வீட்டுக்குப் போகும்போது மணி நாலே முக்கால், என்னடி இது, சல்லடையில முகத்தை வெச்சுத் தேய்ச்சியா என்று அம்மா பவுடரை அப்புகிறாள், பவுடர் கன்னத்துத் தடங்களில் இறங்கிக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, நான் அப்பாவைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறேன், அப்பா, இவங்க வேணாம்ப்பா, இன்னும் பாக்கவே இல்லையேம்மா, வேற ஒருத்தர் கேட்டுட்டாருப்பா, எங்க வெச்சு, மைக்லப்பா, அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்கிறார், நீ என்ன சொன்ன, ரெண்டு கையையும் தூக்கினேன், அவர் என் முகத்துக் கட்டங்களைப் பார்க்கிறார், அழுதுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது, அப்புறம் சட்டையைத் தேடுகிறார், புறப்பட்டிருப்பாங்க, தெருமுனையிலயே பாத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுடறேன், அவங்க என்ன சொன்னாலும் வாங்கிக்கறேன், உங்கம்மாகிட்ட நீ சொல்லு, அந்தப் பையனை வரச் சொல்லு, கேசரி எட்டுப் பேருக்குக் கிண்டியிருக்கா.

வெள்ளை வலை முகத்தின்மேல் இறங்குகிறது, கண் விழிக்கிறேன், கல்யாணமாகி வந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெயில் ஏறிவிட்டது, கொசுவலை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு மூக்கில் விழுந்து கிடக்கிறது, வலைக்கு அந்தப் பக்கம் திருமாறன், அசையாத, தோடு மாட்டிக்கும், சத்தியமா நேத்து நல்லாத்தான் அடிச்சேன் என்கிறார், இந்த வலைக்குள் தாடை தாராளமாக அசைகிறது, நான் ஆரம்பிக்கிறேன், ஒரு ஆணி, ஒரே ஒரு ஆணி ஒழுங்கா அடிக்க வராதா உங்களுக்கு.