ஓட்டுறவனையும் சேர்த்து எடை

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: கூடத்தில், இன்னும் மூடாத சவப்பெட்டிக்குள் அவன். தலைமாட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் அவனுடைய அக்கா. கால்மாட்டில், கைபேசியை வெறுமனே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு மகள். வாசலில் வேன் டிரைவரும் அவருடைய ஆட்களும். முன்கொட்டகையில், வண்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, வயிற்றை எக்கியபடி வெல்டர் அரைடன். இவர்களுக்கெல்லாம் இடைஞ்சலாக, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்த அவன் மனைவி. அப்புறம் அந்த வண்டி. அதையும் ஓர் ஆளாகச் சேர்க்கத்தான் வேண்டும். தகராறே அதனால்தான்.

"பெட்டி திரும்பாதும்மா," என்றார் வேன் டிரைவர். இரண்டு கைகளையும் அகட்டி, அகட்டிய கைகளோடு வண்டியைச் சுற்றி நடக்கப் பார்த்து, பாதியில் நின்றார். "முதல்ல இது வெளிய போகணும். அப்புறம்தான் அவரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்குமா?

வீட்டுக்கு அது ஒன்றுதான் வழி. கதவைத் திறந்தால் கொட்டகை, கொட்டகையைத் தாண்டினால் தெரு. வண்டி வந்த நாளிலிருந்து குடும்பமே பக்கவாட்டில் நடந்துதான் வெளியே போய் வந்தது. "நான் செத்தா எப்படி வெளிய எடுப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். "சாய்ச்சு எடுத்துக்கலாம்," என்றான், தலையை எஞ்சினிலிருந்து எடுக்காமலே.

அது அக்கா ஓட்டித் தள்ளிய பழைய சின்னக் கார். அதன் எஞ்சினைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எங்கோ மோதி நொறுங்கிய பெரிய கார் ஒன்றின் எஞ்சினை வாங்கி உள்ளே திணித்திருந்தான். திணித்தது எஞ்சினை மட்டும்தான் என்று நினைத்தாள். அதற்கு கியர்பெட்டி ஒத்துவரவில்லை, அப்புறம் ரேடியேட்டர், அப்புறம் பிரேக். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவனைப் போன்ற பைத்தியங்கள் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கூடி, ஒவ்வொருவராக வண்டியை ஓட்டிச் சுற்றி வந்து நேரம் பார்ப்பார்கள். பரிசு ஒரு கோப்பை. அதில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, அடியில் ஓட்டை.

பிழைப்புக்கு அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருந்த மாடிகளையெல்லாம் ஏற்றி இறக்கினான். வீட்டில் குழாய் ஒழுகியது, ஜன்னல் சாத்தாது. பாத்திரம் கழுவும் தொட்டியில் பல்சக்கரங்கள் ஊறின. குளியலறை எடை மெஷின் கொட்டகைக்குப் போனது, போனதுதான். அவன் வீட்டில் சரிசெய்து கொடுத்தது ஒன்றே ஒன்று: சாப்பாட்டு மேசையில் அவனுடைய நாற்காலி. உட்காரும்போதெல்லாம் கிறீச்சென்று கத்தும். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒருநாள் கத்துவதை நிறுத்தியிருந்தது. அதற்காக அவனைப் பாராட்டியும் இருந்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தம்பி துரும்பா கெடக்கான்," என்றாள் அக்கா, பெட்டியைப் பார்த்தபடி. ஆனால் சொன்னது பெட்டிக்கு அல்ல. "கூடவே இருந்தவங்களுக்குக் கண்ணு தெரியல."

"தெரிஞ்சுது அண்ணி. கேட்டேன். வண்டிக்காக இளைக்கிறேன்னாரு."

"வண்டிக்காக!"

"ஓட்டுறவன் எடையும் வண்டி எடைதானாம். இளைச்சா வண்டி வேகமா போகுமாம். தட்டுல பாதியத் தள்ளி வச்சா நான் என்ன பண்றது, வாயில ஊட்டவா?"

"பேன்ட் இடுப்பைப் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சுக் குடுத்தியே, அப்பவும் தோணலையா?"

அவள் சீருடைக் கடையில் தையல் வேலை பார்ப்பவள். தைத்துக் கொடுத்தது உண்மைதான். ஒவ்வொரு தடவையும் சலித்துக்கொண்டே தைத்தாள். ஒரு தடவை மட்டும், "இந்த வயசுல எந்த ஆம்பளைக்கு இடுப்பு குறையுது," என்று கடையில் பெருமையாகச் சொல்லியுமிருந்தாள். அதை யாரிடமும் இப்போது சொல்வதாக இல்லை.

"அவருக்கே தெரியாது அண்ணி," என்றாள்.

நேற்று சாயங்காலத்திலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் டாக்டர், "இது திடீர்னு வந்தது இல்லம்மா. கட்டி வயிறு முழுக்கப் பரவியிருக்கு. அவரு எதுவுமே சொல்லலையா?" என்று கேட்டபோதும் இதைத்தான் சொன்னாள். அவனுக்குத் தெரியாதென்றால் அவன் ஒரு மடையன், அவ்வளவுதான். மடையனோடு குடும்பம் நடத்திப் பழகியிருந்தாள். தெரிந்திருந்தால் மடச்சி இவள். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

"மாமா, சீக்கிரம்," என்றாள் மகள் அரைடனிடம். "மயானத்துல நமக்குக் குடுத்த நேரம் போயிடும்."

அரைடன் என்பது வெல்டரின் பெயரில்லை; ஆளைப் பார்த்து மைதானத்தில் வைத்தது. அவனுக்கு மூத்த சிநேகிதன், வண்டியில் பாதிப் பங்காளி. அவரும் வேன் ஆட்களும் பின்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி கொட்டகை விளிம்பு வரை உருண்டது, அங்கிருந்த சின்ன மேட்டில் ஏறாமல் மறுபடி பின்னால் வந்தது. மறுபடி தள்ளினார்கள். மறுபடி வந்தது.

"உயிரோட இருந்தப்பதான் சொன்ன பேச்சு கேக்கல," என்றாள் அவள். வண்டியையா அவனையா என்று யாரும் கேட்கவில்லை.

"இருங்க, பிளேட்ட கழட்டிடறேன்," என்று அரைடன் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். "எப்படியும் கழட்ட வேண்டியதுதான். இனிமே நான்தானே ஓட்டணும். நான் உக்காந்தா இதெல்லாம் எதுக்கு?"

முன்னால் பக்கத்து இருக்கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் இருக்கை இல்லை. தரையில் இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தன. அரைடன் ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். முதல் தகடு வெளியே வந்தது. புதிது, வெட்டிய ஓரம் இன்னும் பளபளத்தது. அடுத்ததில் பெயிண்ட் அடித்திருந்தது. அதற்கடுத்ததில் பெயிண்ட் உரிந்திருந்தது. அடியிலிருந்ததில் துரு.

அக்கா எழுந்து வந்து கொட்டகைக் கதவில் நின்றாள். ஓட்டை உடைசல் வாங்குபவளைப் போல எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன இரும்பு? எடை குறையணும்னுதானே அவன் பட்டினி கெடந்தான்?"

"குறையவா?" அரைடன் வியர்வையைத் துடைத்தார். "யாரு சொன்னாங்க அக்கா? குறையவே கூடாது. பெரிய எஞ்சின் போட்டிருக்கோம்ல, அதுக்கு இவ்வளவு கனம் இருந்தே ஆகணும்னு விதி. ஓட்டுறவனையும் உள்ள உக்கார வச்சுத்தான் எடை போடுவாங்க. அதுக்குக் கீழ போச்சுன்னா மேல் பிரிவுல தூக்கிப் போட்டுருவான். அங்கெல்லாம் பணங்கொழுத்தவன் வண்டி. நம்மள அங்க சீண்ட மாட்டான். முதல்ல எல்லாம் கச்சிதமா இருந்துச்சு, இவன் இளைக்க ஆரம்பிச்சப்புறம்தான் தொல்லை. அவன் இளைக்க இளைக்க நான் இரும்பு வெட்டிக் குடுத்துட்டே…"

நிறுத்தினார்.

தெருவில் யாரோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். மகள் கைபேசியைப் பையில் போட்டாள்.

"நீங்க கேக்கலையாண்ணே?" என்றாள் அவள். "ஏன்டா இளைக்கிறேன்னு?"

"கேட்டேம்மா. கேக்காம இருப்பேனா? 'ஒழுங்கா சாப்பிட்டுத் தொலைடா, இரும்பு வெட்டுற வேலையாவது மிச்சமாகும்'னேன்."

"அதுக்கு?"

அரைடன் ஸ்பேனரைப் பார்த்தார்.

"சும்மா சொல்லுங்க."

"வீட்டுச் சமையல் வாயில வைக்க முடியலன்னான்."

அவள் விறுவிறுவென்று கூடத்துக்குப் போய்ப் பெட்டியருகில் நின்றாள்.

"என் சமையலா?" என்றாள். "என் சமையலா வாயில வைக்க முடியல? கல்யாணமான நாள்லேர்ந்து வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு… என் சமையலா?"

"அம்மா," என்றாள் மகள்.

"இந்தாளு சொல்றாரு பாரு. எனக்கு ஒரு பொய், அரைடன் அண்ணனுக்கு ஒரு பொய். ரெண்டும் ஒரே வீட்டுல சந்திக்காதுன்னு நெனச்சிருக்காரு!"

அவன் பதில் சொல்லவில்லை. எரிச்சலூட்டும் கேள்விகளுக்கு அவன் எப்போதுமே பதில் சொன்னதில்லை.

கொட்டகைக்குத் திரும்பினாள். தகடுகளைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார் அரைடன். வேலைமேசைக்கு அடியில் காணாமல் போன எடை மெஷின் இருந்தது. அதன்மேல் இன்னொரு தகடு இருந்தது. துளை போட்டு, விளிம்பு தேய்த்து, தயாராக.

"இது?"

"அது இன்னும் மாட்டல."

"மாட்டலன்னா எதுக்கு வெட்டுனீங்க?"

அரைடன் தகட்டின் துளையைத் துணியால் துடைத்தார். "இப்ப எடை சரியாத்தானடா இருக்கு, இது எதுக்குன்னேன். கைவசம் ஒண்ணு இருக்கட்டும்னான். கடைசிப் போட்டிக்கு வேண்டியிருக்கும்னான்."

அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இவளைப் பார்த்தாள், பார்வையில் இப்போது வேறு ஏதோ இருந்தது. இவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. முந்தைய பார்வையே தேவலை.

"தள்ளுங்க," என்றாள்.

இந்தத் தடவை வண்டி மேட்டில் ஏறி, ஒரு குலுங்கலோடு தெருவில் இறங்கியது. கொட்டகை திடீரென்று பெரிதாகிவிட்டது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் வண்டியின் அளவுக்குக் கிடந்தது.

"சுவரோரம் அந்த இரும்பு கால்ல தட்டும்மா," என்றார் வேன் டிரைவர். "பெட்டிய தூக்கிட்டு வர்றப்ப தடுக்கினா வம்பு."

"என் பட்டறையில போட்டுக்கிறேன்," என்றார் அரைடன்.

"வேணாம். உள்ள இருக்கட்டும்."

துருப்பிடித்த தகட்டை அவளே எடுத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். நினைத்ததைவிடக் கனம். மேசைவரை வந்ததும் அதற்குமேல் சுமக்க முடியவில்லை. கைக்கு எட்டியது அவனுடைய நாற்காலிதான். உட்கார்ந்துவிட்டாள். தகடு மடியிலிருந்தது.

பின்னாலேயே மகள் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எங்க வைக்கட்டும்?"

"இங்கயே வை."

"மடியிலயா? என்னம்மா நீ?"

"வைன்னா வை. தரை பேந்துடும்."

மகள் வைத்தாள். போய் அடுத்ததை எடுத்து வந்தாள். அதற்கடுத்ததையும். பளபளத்த தகடும் வந்தது. கூடத்தில் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. ஒருவர், "பாத்து, பாத்து," என்றார். இவள் எழுந்து போயிருக்க வேண்டும். எழ முடியாத அளவுக்குத் தொடைமேல் இரும்பு அழுத்தியது.

"இதான் கடைசி," என்று மகள் மாட்டாத தகட்டை மெதுவாக மேலே வைத்தாள்.

நாற்காலி கிறீச்சென்றது.

மகள் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா இடுப்பைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்தாள். மறுபடி கத்தியது.

"அப்பா இதை ரிப்பேர் பண்ணிட்டாருல்ல?" என்றாள் மகள்.

"ரிப்பேர் இல்ல, அவரு கனம் குறைஞ்சிருக்கு," என்றாள் அவள்.

பெட்டி நேராகவே போனது, எங்கும் இடிக்காமல். வேன் கதவைத் திறக்கும் சத்தம், அக்காவின் அழுகை, அரைடன் யாரையோ தேவையில்லாமல் அதட்டும் குரல். மகள் தகடுகளை ஒவ்வொன்றாக மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அவள் எழுந்தாள். புடவையில் துருவும் எண்ணெயும் பட்டிருந்தது.

"மாத்திக்கிறியாம்மா?"

"நேரமில்ல. நட."

மகளை முன்னால் விட்டாள். வாசற்படியில் நின்று, அடுப்பை அணைத்தோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மேசை தெரிந்தது, நாற்காலி தெரிந்தது. கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, வெறும் கொட்டகையில் பழக்கதோஷத்தில் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து தெருவுக்கு வந்தாள்.