கிரவுன் ஆயிலில் கிடந்த பேச்சு

பழைய பிக்கப் வண்டியின் என்ஜின் ஆயிலை வடித்தபோது, யாரோ ஒருவன் தன் மாமியாரைப் போனில் சமாதானப்படுத்திய பேச்சும் சேர்ந்து கொட்டியது. மெக்கானிக் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். பழைய ஆயிலில் இரும்புத் தூள் வரும், தண்ணீர் வரும். பேச்சும் வரும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டான். ரேடியேட்டர் தண்ணீரில் ஒரு பெண் பிள்ளைகளை அதட்டினாள். பிரேக் ஆயிலில் ‘ஐயோ, ஐயோ’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. எதை எப்போது ஊற்றினார்களோ, அன்று முதல் வண்டிக்குள் விழுந்த சொல்லெல்லாம் அதில் ஊறிக் கிடந்தது.

வண்டி அவன் அக்காவுடையது. மெத்தை தைத்து விற்பவள். முன்பும் அது அவர்கள் வீட்டு வண்டிதான். அவள் கணவர் அதில்தான் மெத்தைகளை ஏற்றிப்போவார். ஒருநாள் காலை, ஒன்றுமில்லாத விஷயத்தில் ஆரம்பித்த சண்டை வாசல்வரை வந்துவிட, அவள் வாய் சும்மா இராமல், “போறதுன்னா ஒரேடியா போயிடுங்க” என்றாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே ஏதோ சொன்னார். இரைச்சலில் காதில் விழவில்லை. என்னவென்று கேட்க வீம்பு விடவில்லை. மதியம், எந்த வாடிக்கையாளரும் இல்லாத, ஊரை விட்டு வெளியே போகிற சாலையின் ஓரத்தில், ஸ்டியரிங்கில் தலை சாய்த்து மாரடைப்பில் செத்துக் கிடந்தார். பெண்டாட்டியை விட்டுக் கிளம்பியவன் பாதி வழியில் போய்ச் சேர்ந்தான் என்று ஊர் பேசியது. அவளும் அதைத்தான் நம்பினாள். கண்ணெடுத்துப் பார்க்கப் பிடிக்காமல் வண்டியை விற்றாள். அது பல கை மாறி, வருடங்கள் கழித்து மறுபடி விற்பனைக்கு வந்ததாகத் தம்பி சொன்னபோது, “அதையே வாங்குடா” என்றாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

“எவன் எப்போ என்ன ஊத்தினான்னே தெரியாதுக்கா, எல்லாத்தையும் மாத்திடலாம்” என்று ஆரம்பித்தவன், பிரேக் ஆயில் முடிந்ததும் ஆள் அனுப்பி அவளை வரவழைத்தான். பின் அச்சின் நடுவில் கிரவுன் என்று ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. அதன் ஆயிலை யாரும் சீந்துவதில்லை. நட்டில் அத்தான் தன் கையால் தீட்டிய சிவப்புப் பெயிண்ட் இன்னும் உடையாமல் இருந்தது; அவருக்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. அவர் குரல் எங்காவது இருந்தால் அதற்குள்தான் இருக்க வேண்டும்.

தவறு அங்கேதான் நடந்தது. கிரவுன் ஆயிலை எந்த மெக்கானிக்கும் குளிர்ச்சியாக வடிக்க மாட்டான். ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கினால்தான் கசடோடு சுத்தமாக இறங்கும். தம்பியும் கைப்பழக்கத்தில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவந்து, அக்காவை வண்டிக்கு அடியில் பக்கத்தில் படுக்கவைத்து, நட்டைத் திறந்தான். சூட்டில் இளகிய ஆயில் ஒரே பாய்ச்சலில் இறங்கியது. அத்தானின் அத்தனை வருடப் பேச்சும், பின்னால் ஓட்டியவர்களின் பேச்சும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெறும் இரைச்சலாகித் தட்டில் அடங்கின.

“நான்தான்க்கா கெடுத்துட்டேன்.”

“பேசாம இருடா.”

பல்சக்கரத்தில் ஒட்டியிருந்தது மட்டும் சொட்டத் தொடங்கியிருந்தது. முதலில் வந்தது அவளுடைய குரல்தான்: ஒரேடியா போயிடுங்க. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து என்ஜின் உறுமல். அப்புறம், கோபம் பாதி இறங்கிய அந்தக் குரல், சொட்டுக்கு ஒரு சொல்லாக: சாயந்திரம்... வந்ததும்...

அதோடு சொட்டு நின்றது. தம்பி சுத்தியலால் தட்டிப் பார்த்தான், விரல் விட்டுத் துழாவினான். “மீதி சூட்டுல போயிடுச்சுக்கா” என்று தேம்பினான்.

“மீதி எதுக்குடா? வரணும்னுதான் கிளம்பியிருக்காரு” என்றாள். சாவன்று ஊரார் முன்னால் அழாமல் விட்டதையெல்லாம் அங்கே, வண்டிக்கு அடியில் கிடந்தபடியே அழுது தீர்த்தாள்.

புது ஆயிலை ஊற்றி நட்டை முறுக்கினார்கள். மறுநாள் அவள் மெத்தைகளை ஏற்றிக்கொண்டு போனாள். அதன் பிறகு தம்பியின் மெக்கானிக் கடையில் கிரவுன் ஆயிலைக் குளிர்ச்சியாகத்தான் வடிக்கிறார்கள். பாதி நாள் பிடிக்கும். காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.