மூச்சில் இருக்கும் ஈரம்

அன்று அந்தக் கிடங்கில் இருந்தவர்கள்:

யஹ்யா, முதலாளி. மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குச் சொந்தக்காரர். பதினொன்றே காலுக்கு வந்தார்.

பேச்சியம்மாள், வயது ஐம்பத்தெட்டு. கூட்டித் துடைப்பவள். ஏழரைக்கே வந்துவிட்டாள்.

நான், செல்வா. காரைப் பார்த்துக்கொள்பவன்.

கார். 1962ஆம் வருடத்து ஜாகுவார் மார்க் டூ.

தெப்ராவ் தொழிற்பேட்டையில் ஒரு பழைய கிடங்கை அந்தக் காருக்காகவே முதலாளி வாங்கியிருந்தார். கிடங்குக்குள் ஓர் அறை. ரப்பர் பட்டை வைத்து இறுக்கிய கதவு. கதவில் கைக்குட்டை அளவுக்குக் கண்ணாடி. உள்ளே எப்போதும் இருபத்திரண்டு டிகிரி, ஐம்பது சதவீத ஈரம். நாற்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் தோல் சீட் வெடிக்கும். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் டாஷ்போர்டில் ஒட்டிய வால்நட் மரத் தகடு உப்பி எழும்பும். கார் நான்கு இரும்புத் தாங்கிகள் மேல் நின்றது, டயர் தட்டையாகாமல் இருக்க. பெட்ரோலை வடித்தாயிற்று. மாதம் ஒருமுறை ஸ்பானர் போட்டு இஞ்சினைக் கையால் சுற்றிவிடுவேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக்குக் கிரீம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். ஈரம் உறிஞ்சும் மெஷினின் தொட்டி நிறைந்தால் தண்ணீரைக் கொட்டவேண்டும். நிறைந்துவிட்டால் மெஷின் தானாக நின்றுவிடும்.

அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. ஆலையை விட்டு வந்தபடியே கார் இருக்கிறது என்று அவர் எழுதித் தரவேண்டும். அதற்காகவே முதலாளி பதினான்கு வருடம் காத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் டாஷ்போர்டில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறலைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மூன்று கடைகளுக்கும் போகாமல் காரின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அது காட்டுத்தீப் புகைமூட்டத்தின் ஒன்பதாவது நாள். பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். எதிர்ச் சாலையில் இருந்த தொழிற்சாலை தெரியவில்லை. பேச்சியம்மாளுக்கு ஆஸ்துமா. வாயில் வைத்து உறிஞ்சும் பம்பு முந்தின நாள் காலியாகிவிட்டது. மூன்று பார்மசியில் கேட்டிருக்கிறாள், எங்கும் இல்லை. கிளினிக்கில் வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அன்று திங்கள். மாசாயில் அவளுடைய பிளாட்டில் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளில் பாதி கிடையாது. கிடங்கிலும் புகைதான். புகை இல்லாத இடம் ஒன்றே ஒன்று, காரின் அறை. அங்கே பிரிட்ஜ் அளவுக்கு ஒரு காற்று வடிகட்டி ஓடிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்கு அவள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

"தம்பி, ஒரு பத்து நிமிஷம் ஜாகுவாரோட இருந்துக்கிறேன்டா. அது ஒண்ணும் சொல்லாது."

கதவைத் திறந்துவிட்டேன். சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்பவில்லை. பத்து மணிக்குத் தண்ணீரைக் கொட்ட உள்ளே போயிருக்கவேண்டும், போகவில்லை. நோட்டில் ஐம்பது என்று எழுதினேன்.

மீட்டர் முதலாளியின் போனோடு இணைந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. போன வாரம்தான் மாற்றியிருக்கிறார்.

அவருடைய வண்டிச் சத்தம் கேட்டதும் அவளை எழுப்பி, அவர் உள்ளே வருவதற்குள் வெளியே கொண்டுவந்துவிட்டேன். முதலாளி நேராக மீட்டரிடம் போனார். ஐம்பத்தெட்டு. பிறகு நோட்டைப் பார்த்தார். டார்ச்சை அடித்து டாஷ்போர்டை ஓர் அங்குலம் விடாமல் பார்த்தார். கத்தவில்லை. அவர் கத்தும் ஆள் இல்லை.

"யாரு உள்ள இருந்தா?"

"நான்தான் முதலாளி. வழக்கம்போல."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்துக்கு எட்டு ஏறுமா? என்ன, உள்ள குளிச்சியா?"

பேச்சியம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டே இருமினாள்.

"மனுஷன் மூச்சுல தண்ணி இருக்கு செல்வா. கண்ணாடியில ஊதிப் பாரு, தெரியும். நீ பொய் சொல்லலாம், மூச்சு சொல்லாது." முகமூடியைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டு பேரும் தனித்தனியா அரை மணி நேரம் உள்ள இருங்க. மெஷினை நிறுத்திடுறேன். உன் மூச்சுலயும் அவங்க அளவுக்கு ஏறினா, நீதான் நேரம் தெரியாம உள்ள இருந்துட்டே, தண்ணியக் கொட்ட மறந்துட்டே. நீ கிளம்பிடு. இல்லன்னா அவங்க போகட்டும்."

"முதலாளி, நான் கெழவி லா. என் மூச்சுல என்ன இருக்கு?" என்றாள் பேச்சியம்மாள். சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது.

"அதைத்தானே பார்க்கப் போறோம்."

தொட்டித் தண்ணீரைக் கொட்டியபிறகு மெஷின் அறையை ஐம்பதுக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. முதலாளி கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்த தே தாரேக்கை, நுரைக்க ஆற்றிய பால் தேநீரை, குடித்தார். எங்களுக்கும் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். முதலில் பேச்சியம்மாள் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனில் எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"இந்தப் புகையில அவங்களுக்கு முடியல முதலாளி," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"தெரியுதுப்பா. எனக்கும் கண்ணு எரியுது. ஆனா அவங்களுக்கு வாய் இருக்கு, நாலு பேர்கிட்ட கேட்டுக்கலாம். கார் யார்கிட்ட போய்க் கேக்கும்?"

அரை மணி நேரத்தில் இரண்டு புள்ளி ஆறு ஏறியது. வேகவேகமாக மூச்சு வாங்குபவளுக்கு ஏறத்தான் செய்யும். வெளியே வந்தபோது அவள் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது.

"நல்லா இருந்துச்சு முதலாளி. இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணணும்னா சொல்லுங்க."

முதலாளிகூடச் சிரித்துவிட்டார்.

மறுபடியும் முக்கால் மணி நேரம். அவர் போனில் பேசிக்கொண்டே கிடங்கின் மூலைக்கு நடந்தபோது அவள் என் பக்கத்தில் வந்தாள். தேநீர்ப் பொட்டலம் அவள் கையில் ஆறிப்போய்த் தொங்கியது.

"செல்வா, உள்ள போய் நல்லா மூச்சு விடு. குதி. கையக் கால ஆட்டு. நீ சின்னப் பையன், உனக்கு இது இல்லன்னா இன்னொண்ணு. எனக்கு வியாழக்கிழமை வரைக்கும் போதும்டா."

"சரிக்கா," என்றேன்.

அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. என் மூச்சும் இரண்டரை ஏறினால் பழி என்மேல் விழும். அவள் கிடங்கில் இருப்பாள். முதலாளி மதியம் போனபிறகு, சாவி யாரிடம் இருந்தாலும், எப்படியாவது அந்த அறைக்குள் போய்விடுவாள்.

நான் உள்ளே போனேன். கதவு மூடியது. காரைச் சுற்றிக் குதித்தேன். வாயைத் திறந்து நாய்போல மூச்சுவிட்டேன். நான்கு நிமிடம் இருக்கும். மீட்டர் ஐம்பது புள்ளி ஐந்தைத் தொட்டது.

அப்போது பாசிர் கூடாங்கில் நான் விட்டுவந்த வேலை ஞாபகத்துக்கு வந்தது. படிப்பை விட்டபிறகு இரண்டு வருடம் அங்கே இரவு ஷிப்ட். ராத்திரி ஏழிலிருந்து காலை ஏழு வரை பிளாஸ்டிக் மூடிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போடவேண்டும். இந்த இடம் போனால் எனக்கு இருப்பது அதுதான். இங்கே யாரும் பேசுவதில்லை. கை சுத்தமாக இருக்கிறது.

குதிப்பதை நிறுத்தினேன்.

கண்ணாடியில் பேச்சியம்மாளின் முகம் தெரிந்தது. முதலாளி கவனிக்காதபோது கன்னத்தை உப்பி ஊதிக் காட்டினாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுபவர்கள் அப்படிச் செய்வார்கள். நான் காரின் பின் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக, முடிந்தவரை மெதுவாக. ஒன்று முதல் இருபது வரை எண்ணி ஒரு மூச்சு. அதற்கு ஒன்றும் பெரிய திறமை வேண்டாம்.

கதவு திறந்தபோது மீட்டர் ஐம்பத்தொன்று புள்ளி ஒன்று.

முதலாளி தலையை ஆட்டினார். "சாவி உன்கிட்டதானே இருக்கு? இவங்க எப்படி உள்ள போனாங்க?"

அதை அவர் கேட்பார் என்று தெரியும். பதிலும் வைத்திருந்தேன்.

"ஆணியில மாட்டியிருந்தேன் முதலாளி. கழிவறைக்குப் போனப்ப எடுத்துட்டாங்கபோல."

"நோட்டுல ஐம்பதுன்னு எழுதியிருக்கே?"

"மீட்டரைப் பார்க்காம எழுதிட்டேன். தப்புதான்."

"இனிமே சாவி உன் பாக்கெட்ல இருக்கணும்." அவர் நோட்டில் அந்த ஐம்பதை அடித்துவிட்டு ஐம்பத்தெட்டு என்று திருத்தினார். பிறகு பேச்சியம்மாளிடம் திரும்பினார். "நீங்க கிளம்புங்க. நாளைக்கு வரவேணாம்."

"புகை குறையட்டும் முதலாளி. அந்த ஓரத்துல சும்மா உக்காந்துக்கிறேன். கார்கிட்டகூட வரமாட்டேன்."

"அப்புறம் இவன் இரக்கப்படுவான். வேணாம்."

அவள் துண்டை நனைத்து வாயிலும் மூக்கிலும் கட்டிக்கொண்டாள். பஸ் நிறுத்தம் முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. முதலாளி வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வால்நட் தகட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களை வெளிய விட்டுட்டுக் கதவப் பூட்டுப்பா," என்று அங்கிருந்தே சொன்னார். "புகை உள்ள வருது."

பெரிய ஷட்டருக்குள் இருக்கும் சின்னக் கதவைத் திறந்தேன். சாம்பல் வாசனை முகத்தில் அடித்தது. அவள் ஒரு காலை வெளியே வைத்துவிட்டு நின்றாள்.

"நல்லா மூச்சடக்குறே, தம்பி," என்றாள். குரலில் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. பேச மூச்சு போதவில்லை, அவ்வளவுதான்.

அவள் இரண்டாவது காலையும் எடுத்து வைத்தாள். கதவைச் சாத்தினேன். கீழ்த் தாழ்ப்பாள், மேல் தாழ்ப்பாள், பிறகு பூட்டு.