மாமியார் கையில் விசில்

நஸூனா பத்து வருஷமாக மாவட்டக் கால்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தாள். தேசிய நடுவர் பட்டியலில் ஏறுவதற்கான தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். முதல் தடவை, எகிறிய பயிற்சியாளருக்கு மஞ்சள் அட்டை காட்டப் போனவள், மனிதருக்கு அறுபது வயதிருக்கும் என்று தெரிந்ததும் பெரியவர்களைக் கண்டால் மண்டியிடும் பகாண்டாப் பெண்களின் பழக்கதோஷத்தில் மண்டியிட்டு வணக்கம் சொல்லிவிட்டு, அப்புறம் அட்டையை நீட்டினாள். இரண்டாம் தடவை மண்டியிடவில்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் அவளைச் சுற்றி நின்று சந்தைக்கடை வைத்துவிட்டார்கள். இரண்டு அறிக்கையிலும் ஒரே வரி: 'ஆட்டக்காரர்கள் இவரை மதிப்பதில்லை.'

மூன்றாவது தேர்வுதான் கடைசி. விதி அப்படி. அந்த விதியை எழுதிய மகானுபாவர் ஒரு நாளாவது ந்யெண்டோ மைதானத்தில் விசிலோடு நின்றிருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டு என்ன ஆகப் போகிறது?

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ந்யெண்டோ ஊர் அணிக்கும் கலிசிசோ ஊர் அணிக்கும் ஆட்டம்; அதுதான் தேர்வு. மதிப்பெண் போட வந்தவர் அமோங்கி அம்மாள், வடக்கே லிராக்காரர், இந்த ஊர்ப் பாஷை அரைகுறையாகத்தான் தெரியும், தாமே ஒரு காலத்தில் நடுவராக இருந்தவர். குடையும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. பிறகு ந்யெண்டோ ஒரு மாற்று ஆட்டக்காரனை இறக்கியது. பட்டியலில் பெயர் செகித்தோ. முப்பத்து நாலு வயது, நல்ல தொந்தி, அதையும் மீறி நல்ல கால்.

முதல் பந்தே அவன் காலுக்கு வந்தது. முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். நஸூனா நடுவருக்குரிய ஓட்டத்தில் பக்கத்தில் வந்தாள். செகித்தோ திரும்பிப் பார்த்தான். பேயைக் கண்டவன்போல் பந்தை அங்கேயே போட்டுவிட்டு, கோட்டைத் தாண்டிச் சோளக்கொல்லைக்குள் பாய்ந்துவிட்டான்.

கூட்டம் கத்தியது. நஸூனாவுக்கு ரத்தம் கொதித்தது. அனுமதி இல்லாமல் மைதானத்தை விட்டுப் போனால் மஞ்சள் அட்டை. அட்டையை உருவிக்கொண்டு கொல்லையை நோக்கி நடந்தாள். அவள் ஓரடி வைத்தால் சோளத்தட்டைகள் இரண்டடி பின்னால் அசைந்தன.

"வெளிய வாய்யா! என்னைப் பாத்தா கிண்டலா இருக்கா?"

"ஐயோ அத்தே, கிட்ட வராதீங்க! நான்தான் பொனிஃபாஸ் செகித்தோ! உங்க அக்கா பொண்ணு ரோவீனாவைக் கட்டிக்கப் போறவன்!"

நஸூனா நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு வாரம் முன்புதான் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் கேட்ட சடங்கு நடந்தது. பெண்ணுக்குச் சித்தியும் தாய்தான். ஆகவே இருபத்தொன்பது வயது நஸூனா இந்தத் தொந்திக்காரனுக்கு மாமியார். அன்றைக்கு வெள்ளை அங்கியில் வரிசையாக நின்ற பத்துப் பேரில் மாப்பிள்ளை யாரென்று ஜன்னல் வழியாக அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் ஜன்னல் நன்றாகத் தெரிந்திருக்கிறது. மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் தொடக் கூடாது, நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, மீறினால் ஆயுசுக்கும் கைநடுக்கம். இது பகாண்டா மக்களிடையே பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து வருஷ உழைப்பு ஒரு மாப்பிள்ளையால் மண்ணாகப் போகிறதே! ஆனால் அட்டை காட்டாமல் விட முடியாது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் கொல்லைப் பக்கம் நீட்டி, ந்யெண்டோ தலைவனிடம் சொன்னாள்.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லுப்பா, அவருக்கு மஞ்சள் அட்டைன்னு."

"மாப்ளே, உனக்கு மஞ்சளாம்!"

"அத்தைக்கு ரொம்ப நன்றின்னு சொல்லு!" என்றது சோளம்.

கலிசிசோக்காரர்கள் என்ன மடையர்களா? ஐந்தே நிமிஷத்தில் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. "டேய், அத்தை நிழல்லயே நில்லுங்கடா!" என்றான் அவர்களுடைய தலைவன். அதன்பின் பந்து நஸூனாவைச் சுற்றியே உருண்டது. அவள் விலகி ஓடினால் கலிசிசோவும் பந்தோடு கூடவே ஓடியது. மைதானத்துக்குத் திரும்பிய செகித்தோ இருபதடி தள்ளி, குளிக்கப் பயந்த பையனைப்போல் சுற்றிச் சுற்றி வந்தான்.

"பொண்ணை வேண்டாம்னு சொல்லிட்டு ஒரு கோல் போடுடா!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் யோசனை சொன்னான்.

எண்பத்தொன்பதாவது நிமிஷம், பந்து எப்படியோ சிதறி செகித்தோவிடம் வந்தது. நஸூனா கோலுக்கு அருகில், அவனுக்கு முதுகு காட்டி நின்றாள். மாமியாரைப் பார்க்கக் கூடாதே என்று அவன் கண்ணை இறுக மூடி, முகத்தைத் திருப்பி, பலங்கொண்ட மட்டும் உதைத்தான். பந்து நேராக வந்து நஸூனாவின் பின்பக்கத்தில் பொத்தென்று பட்டுத் திசை மாறி, வலைக்குள் போய் விழுந்தது.

ஊரே எழுந்து நின்றது.

நடுவர்மேல் பட்டுப் போனால் கோல் இல்லை. ந்யெண்டோவுக்குச் சொந்த மைதானம், கடைசி நிமிஷம், ரத்தாகும் கோல். போன தடவை இதைவிடச் சின்ன விஷயத்துக்கே அவளை மென்று துப்பியிருந்தார்கள். நஸூனா விசில் ஊதினாள். "கோல் செல்லாது!"

அதை யார் கேட்டார்கள்?

"அடப்பாவி, மாமியாரை அடிச்சிட்டானே!"

"கையாலயா தொட்டான்? பந்துதானே பட்டுச்சு!"

"பந்து யாரு கால்லேர்ந்துடா போச்சு?"

இரண்டு அணிகளும் கைகலக்காத குறையாக இதையே வாதாடின. கோலைப் பற்றி ஒரு ஜீவன் வாய் திறக்கவில்லை. செகித்தோ தூரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்து, "மன்னிச்சிடுங்க அத்தே!" என்று ஓவென்று அழுதான். ஆட்டம் கோலில்லாமலே முடிந்தது.

அமோங்கி அம்மாள் அறிக்கையோடு வந்தார். "இருபது வருஷத்துல இப்படி ஒண்ணு பாத்ததில்லம்மா. கடைசி நிமிஷத்துல கோலை ரத்து பண்ற, ஒருத்தன் எதுத்துப் பேசல. அடிச்சவனே அழறான். என்ன மந்திரம் போட்ட?"

பேசாமல் இருந்திருக்கலாம். நஸூனாவால் முடியவில்லை. "மந்திரம் இல்லக்கா. நான் அவனுக்கு மாமியார். ஆட்டம் பாதியிலதான் எனக்கே தெரிஞ்சுது."

அமோங்கி அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குடை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"மாமியாரா இருந்தும் அட்டையைக் காட்டின. மாப்பிள்ளை போட்டும் கோலைத் தள்ளின. ஆட்டக்காரங்க மதிக்கிறாங்களான்னுதான் இங்க கேட்டிருக்கு, ஏன் மதிக்கிறாங்கன்னு கேக்கல. இனிமே அவன் இருக்கிற ஆட்டத்துக்கு மட்டும் போகாத. தேர்ச்சி. கையெழுத்துப் போடு."

நஸூனா பேனாவை வாங்கினாள். பேனா தாளில் நிற்கவில்லை. கை அப்படி நடுங்கியது. பத்து வருஷம்.

அப்போது தூரத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து வந்த கேள்வியை ந்யெண்டோ தலைவன் ஓடிவந்து ஒப்பித்தான். "அத்தைக்குக் கை கிய் நடுங்குதான்னு மாப்பிள்ளை கேக்கச் சொன்னான்."

நஸூனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பயங்கரமா நடுங்குதுன்னு சொல்லு. பரிகாரத்துக்கு ஒரு ஆடு கொண்டு வரச் சொல்லு. நல்ல கொழுத்த ஆடா."