பிரிக்காத தாள்

என் கணவர் முத்துராமன் ஒரு பழைய கார் வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி ஆயிற்று. அந்த மூன்றாவது ஆளுக்குச் செய்கிற செலவும் சேவையும் எனக்குச் செய்திருந்தால் நான் இந்நேரம் மகாராணியாக இருந்திருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த கார் அது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, அந்த மூக்குக்குள் எட்டு சிலிண்டர் எஞ்சின். மஸில் கார் என்று பெயராம். குவைத்தில், மங்காஃபில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அதை ஸ்டார்ட் செய்தால், பக்கத்தில் நிற்கிற கார்களின் அலாரம் எல்லாம் சேர்ந்து அலறும். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைக் காலைகளில் இந்த மாதிரிப் பழைய கார்க்காரர்கள் ஃபஹாஹீல் கடற்கரையில் கூடி, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமையடித்துக் கொள்வார்கள். அங்கே தானும் போய் நிற்க வேண்டும் என்பது இவர் ஆசை. எண்ணெய்க் கம்பெனியில் கொள்முதல் மேனேஜர், கை நிறையச் சம்பளம், ஆசைப்படட்டும். ஆனால் கார் கடற்கரை வரைக்கும் போனால்தானே? சிக்னலில் நின்றால் கொதித்தது. ஹைவேயில் ஓடினாலும் கொதித்தது.

முள் பார்ப்பது என் வேலை. பழைய சொந்தக்காரர் என் முழங்காலுக்கு மேலே தனியாக ஒரு மீட்டர் மாட்டி வைத்திருந்தார். எஞ்சின் சூடு அதில் தெரியும். வண்டி நகர்ந்ததுமே இவர் ஆரம்பித்துவிடுவார், முள் எங்கே நிற்கிறது, இப்போது எங்கே, இப்போது எங்கே என்று. மேலே ஏறுகிறது என்று நான் சொன்னால் என் மேல் எரிந்து விழுவார், நான்தான் ஊதி ஊதி அதை ஏற்றிவிட்டேன் என்பது போல. அதனால்தான் வொர்க்‌ஷாப்புக்குப் போகும்போதெல்லாம் நானும் கூடப் போக வேண்டியிருந்தது.

வொர்க்‌ஷாப் ஃபஹாஹீலை ஒட்டிய தொழிற்பேட்டையில் இருந்தது. நடத்துகிறவர் தேவதாஸ், நாகர்கோவில் பக்கத்துக்காரர். வண்டியில் வேலை பார்த்தவன் ஷிபின், குளச்சல். அவன் மனைவி ஜோஸ்மி இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். குழந்தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆள் அதிகம் பேசமாட்டான், பேசினால் வெட்டென்று பேசுவான். என் கணவருக்கு அது முதல் நாளே பிடிக்கவில்லை. ‘சார்’ என்பதைச் சரியாகச் சொல்லவில்லையாம்.

ஷிபின் முதலில் தெர்மோஸ்டாட்டைத் தேடினான். எஞ்சின் தண்ணீரைச் சூட்டுக்குத் தகுந்தபடி நிறுத்தி விடுகிற சின்ன வால்வு அது. வெயில் ஊரில் தண்ணீரை எதற்கு நிறுத்த வேண்டும் என்று இங்கே பல பேர் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இதிலும் இல்லை. புதிதாக ஒன்று போட்டான். கொதித்தது. வாட்டர் பம்பை மாற்றினான். அப்போதும் கொதித்தது. பிறகு ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினான். உள்ளே துரு அடைத்துக்கொண்டு தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. என் கணவர் அமெரிக்காவிலிருந்து அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வரவழைத்தார். அதை மாட்டிய பிறகு கார் முன்னைவிடச் சீக்கிரமாகக் கொதித்தது.

அவ்வளவுதான், இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வொர்க்‌ஷாப்பின் கஃபீல், அதாவது லைசென்ஸ் வைத்திருக்கிற குவைத்தி முதலாளி, இவருக்குக் கம்பெனி வழியாகத் தெரிந்தவர். நேராக அவருக்குப் போன் போட்டு, உங்கள் ஆளுக்கு வேலை தெரியவில்லை, என் எஞ்சினைச் சாகடிக்கிறான் என்று புகார் சொன்னார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் சொன்னார். கஃபீல் தேவதாஸைக் கூப்பிட்டு, இந்த ஆளிடமிருந்து இன்னொரு புகார் வந்தால் அந்தப் பையனின் விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடு, கலாஸ், அத்தோடு முடிந்தது என்று சொல்லிவிட்டாராம். இதை இவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார். கைக்குழந்தைக்காரனைத் துரத்துவதில் என்ன சந்தோஷம் என்று கேட்டேன். மோர் ஊற்று என்றார்.

போன சனிக்கிழமை மறுபடியும் வண்டியைக் கொண்டுபோனோம். வழியிலேயே முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. வொர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தியதும் பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி சீறியது. இவர் இறங்கும்போதே திட்டிக்கொண்டுதான் இறங்கினார். ஷிபினின் முகம் கறுத்திருந்தது. கஃபீல் சொன்னது அவனுக்கும் தெரியும்.

எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தான். தண்ணீர் ஊற்றி மறுபடியும் ஓடவிட்டு, மேசையிலிருந்து இரண்டு மூன்று டிஷ்யூ பேப்பரை எடுத்துக்கொண்டு காரின் முன்னால் போய்க் குந்தினான். மூக்கின் கம்பித் தடுப்பில் ஒன்றை ஒட்டிவைத்துக் கையை எடுத்தான். பேப்பர் கீழே விழுந்தது. இன்னொன்றை வைத்தான், அதுவும் விழுந்தது. உள்ளே ஃபேன் பேய் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. அது காற்றை இழுத்தால் பேப்பர் அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டாமா? எனக்கே புரிந்தது. இவருக்கு மட்டும் வித்தை காட்டுகிற மாதிரி இருந்தது. பேப்பர் விளையாடுவதற்கா உன்னிடம் வண்டியைக் கொடுத்தேன் என்று கத்தினார்.

ஷிபின் எழுந்து எஞ்சினை நிறுத்தினான். காற்று உள்ளே போகவில்லை, நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது, கண்டென்சரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று தேவதாஸிடம் சொன்னான். கண்டென்சர் ஏசியுடையது, ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு பலகை மாதிரி நிற்கும். அதன் போல்ட்டுகளைக் கழற்றி முன்பக்கம் சாய்த்து, டார்ச் அடித்து உள்ளே கையை விட்டான். நகத்தால் ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சரசரவென்று இழுத்தான்.

கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள். ரேடியேட்டரின் முன்முகம் முழுவதையும் மூடியிருந்த தாள். வரும்போது கீறல் படாமலிருக்க ஃபேக்டரியில் ஒட்டி அனுப்பியது. மேல்பக்கம் சூட்டில் சுருங்கிப் போயிருந்தது.

அந்தத் தாளை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக எது வந்தாலும் அதன் மேலுள்ள தாளை இவர்தான் பிரிக்க வேண்டும். வேறு யார் கையும் படக்கூடாது. இவரும் லேசில் பிரிக்கமாட்டார். டிவி ரிமோட் இன்னும் கவருக்குள்தான் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் நீலத் தாள், மைக்ரோவேவில் தாள், எல்லாம் ஒருநாள் ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான்களாம், புதுசாகவே இருக்கட்டுமாம். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான், அதனால் நானும் பழகிவிட்டேன். ரேடியேட்டர் வந்த அன்று நான் வொர்க்‌ஷாப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஷிபின் பெட்டியைப் பிரித்து, பின்பக்கத் தாளை உரித்துவிட்டு, முன்பக்கத்தில் கை வைத்து, இதையும் பிரிக்கட்டா என்று கேட்டான். இவர் பாய்ந்துபோய்த் தடுத்தார். அதை நான் பிரிச்சுக்கிறேன், நீ தொடாதே என்றார். அவன் சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். போகும்போது திரும்பி, மறந்துவிடாதீர்கள் சார், வந்ததும் மாட்டிவிடுவேன் என்றும் சொன்னான். இவர் தலையாட்டிவிட்டு ஆபீஸ் போனில் மூழ்கினார். அவன் திரும்பி வந்து, இவர் பிரித்திருப்பார் என்று நம்பி மாட்டினான். தாளும் கண்ணுக்குத் தெரியாத தாள். அவன் ஒருமுறை தடவிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, அது அவன் தப்பு. மீதியெல்லாம் இவருடையது.

இப்போது தாளைப் பார்த்ததும் இவருக்கும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தேன். உடனே அந்தத் தாளைப் பிடுங்கித் தேவதாஸின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

“பாருங்க. பேக்கிங்கைப் பிரிக்காம மாட்டியிருக்கான். இவனெல்லாம் மெக்கானிக்கா? இப்பவே உங்க முதலாளிக்குப் போன் போடுறேன்.”

நான் அதிர்ந்து போனேன். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

“பிரிக்கட்டான்னு நான் கேட்டேன் இல்லியா சார்?” என்றான் ஷிபின். “தொடாதேன்னு நீங்கதான சொன்னிய.”

“பொய் சொல்றான். நான் அந்தத் தாளையே பார்த்ததில்லை.”

தேவதாஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் கஃபீலுக்கு வேண்டியவர், இன்னொருவன் தன் ஊர்ப் பையன். அன்றைக்கு வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கணவர் கையை என் பக்கம் நீட்டினார்.

“இதோ என் மனைவி இருந்தா. அவளையே கேளுங்க.”

எனக்குக் கோபம் வந்தது அந்தப் பொய்யால் அல்ல. பொய்யை நான் நிறையப் பார்த்தாயிற்று. என் பக்கம் கையைக் காட்டியபோது இவர் முகத்தில் துளி பயம்கூட இல்லை. நான் எல்லாவற்றையும் கேட்டேன் என்பது இவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சாட்சிக்குக் கூப்பிட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாலு பேர் முன்னால் நான் இவர் பேச்சை மறுத்ததில்லை. வீட்டுக்குள் எவ்வளவு சண்டை போட்டாலும் வாசலைத் தாண்டினால் இவர் சொன்னதுதான் நான் சொன்னது. அப்படித்தான் எங்கள் வீடுகளில் பெண்களை வளர்க்கிறார்கள். அந்த வளர்ப்பை நம்பி ஒருவனுடைய சோற்றில் கைவைக்கத் துணிந்துவிட்டார் மனுஷன்.

ஷிபின் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து மேசைமேல் வைத்தான். நானும் சார் பக்கம்தான் பேசுவேன் என்று அவனும் முடிவு செய்துவிட்டான். அது இன்னும் சுட்டது.

“கேட்டான்” என்றேன். “இவர்தான் தொடாதே, நான் பிரிச்சுக்கிறேன்னு சொன்னார். மறந்துடாதீங்கன்னு அவன் சொல்லிட்டுத்தான் போனான். நான் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். உங்க முதலாளி கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன், என் நம்பரைக் குறிச்சுக்குங்க.”

தேவதாஸ் என் நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டார். ஷிபின் கண்டென்சரைத் திரும்ப மாட்டி வண்டியை வெளியே எடுத்தான். சாவியைக் கொடுக்கும்போது என் கணவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

“இனி இந்த வண்டிய இங்க கொண்டு வராதிய.”

எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

வண்டிக்குள் ஏசி ஜில்லென்று வந்தது. கடற்கரைச் சாலையில் ஏறியதும் இவர் ஆரம்பித்தார். ஒரு ஸ்பேனர் பிடிக்கிறவன் முன்னால் என்னைச் செருப்பால் அடித்துவிட்டாய் என்றார். யார் சோற்றைத் தின்கிறாய் என்றார். என் அப்பா அம்மாவை இழுத்தார். எல்லாம் கேட்டுப் பழகியவைதான். கடைசியில், இனிமேல் உன்னை எங்கேயும் அழைத்துக்கொண்டு போகமாட்டேன் என்றார்.

“கூட்டிட்டுப் போங்க, போகாதீங்க, அது உங்க இஷ்டம்” என்றேன். “ஆனா அவளைக் கேளுங்கன்னு இனிமே யார்கிட்டயும் கையைக் காட்டாதீங்க. கேட்டா நடந்ததைத்தான் சொல்லுவேன்.”

வண்டியைச் சாலையோரம் ஒடித்து நிறுத்தினார்.

“இறங்கு.”

இறங்கினேன். மத்தியான வெயில், எதிரே கடல், பக்கத்தில் ஒரு நிழல்கூடக் கிடையாது. கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. பின்விளக்கு எரிந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவேன் என்று காத்திருந்தார்.

என் பின்னால் ஒரு டாக்ஸி வந்தது. கை காட்டி நிறுத்தி ஏறி, மங்காஃப் என்றேன். அவரைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை.